பெட்டி மேல் யார் படம்?

சென்ற மே மாதம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், விடைத்தாள் கட்டுகள் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு டீசல் ரயில் இஞ்சின் துண்டு துண்டாகக் கிடந்தது. லண்டனிலிருந்து வரும் தோழி என்ன வாங்கிவரட்டும் என்று கேட்டபோது நானே சொல்லி வாங்கிய கிட் அது. "அண்ணன் பையனுக்கா?" என்றாள். எனக்குத்தான் என்றேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. பிறகு, "சரி, உனக்கு வேற என்ன வேணும்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முப்பத்தைந்து ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். நான் வளர்ந்த கள்ளக்குறிச்சியில் ரயில் கிடையாது. 2019இல் தனி மாவட்டம் ஆனபோதும் ஊருக்கு ரயில் வந்திருக்கவில்லை. எங்களுக்கு ரயில் என்றால் பதினாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சின்னசேலம்தான். சேலத்துக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவே அப்போது மீட்டர்கேஜ் ஓடியது. அப்பா ஏதோ வேலையாகச் சின்னசேலம் போன ஒருநாள் அண்ணனையும் என்னையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். நின்றிருந்த டீசல் இஞ்சினின் உறுமல் செருப்பு வழியாகக் காலுக்கு ஏறியது. இஞ்சினுக்குள் இருந்தவர் குனிந்து கை நீட்டினார். அண்ணன் ஏறிவிட்டான். நானும் கையைத் தூக்கினேன். "பாப்பா வேணாம், பாவாடை எதுலயாவது மாட்டிக்கும்" என்றார் அப்பா. அண்ணன் கழற்றிப் போட்ட செருப்பைப் பிடித்துக்கொண்டு நான் கீழே நின்றேன்.

பத்தாம் வகுப்பில் கணக்கில் எனக்கு அண்ணனைவிட மதிப்பெண் அதிகம். அவன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்ந்தான். நான் பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்கும் பிறகு பி.ஏ. தமிழுக்கும் போனேன். தமிழ் எனக்கு நல்லதையே செய்தது. கவிதையும் வேலையும் அதனால் வந்தவை. ஆனால் அது நான் தேர்ந்தெடுத்தது அல்ல, எனக்கென்று மிச்சம் வைக்கப்பட்டது. இதை அப்பா உயிரோடு இருந்தவரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மேசை மேல் இருந்தது 'ட்ரூரி' என்ற சிறிய ஷண்டிங் இஞ்சின். யார்டில் பெட்டிகளை இழுத்துப் போட்டுக் கோக்கும் வேலைக்கானது. அசல் இஞ்சின் 1952 முதல் பிரிட்டிஷ் ரயில்வேக்காகக் கட்டப்பட்டது. கிட் அதில் 76இல் ஒரு பங்கு. கட்டி முடித்தால் உள்ளங்கையில் அடங்கும். மோட்டார் கிடையாது, விரலால் தள்ளினால் உருளும். கூரை, பக்கச் சுவர், ஏணிப்படி, சக்கரம் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் காய்த்துத் தொங்குவதுபோல ஒட்டியிருந்தன.

முதல் வேலை அவற்றைச் சோப்புத் தண்ணீரில் கழுவுவது. அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகப் பூசிய பிசுக்கு பாகங்களின் மேல் தங்கியிருக்கும். அது இருந்தால் பெயிண்ட் பிடிக்காது. பிறகு ஒவ்வொரு பாகத்தையும் நகவெட்டியால் கத்தரித்து, வெட்டிய தழும்பை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பசையைப் பற்றி எனக்கு ஒரு தவறான எண்ணம் இருந்தது. ஒட்டுவது என்றால் நடுவில் பிசின் நின்று இரண்டையும் பிடித்துக்கொள்வது என்று நினைத்திருந்தேன். இந்தப் பசை அப்படியல்ல. அது பிளாஸ்டிக்கின் மேல்தோலைக் கரைக்கிறது. கரைந்த இரண்டு விளிம்புகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து இறுகுகின்றன. காய்ந்த பிறகு அங்கே பசை இருப்பதில்லை, ஒரே பொருள்தான் இருக்கிறது. அதனால் ஒட்டுமுன் பசையில்லாமல் பலமுறை சேர்த்துப் பார்க்க வேண்டும். சக்கரங்களைக் கோக்கும் இணைப்புத் தண்டில் ஒரு துளி பசை அதிகமாகப் பட்டால் சக்கரம் சுற்றாது. எனக்கு ஒரு பக்கச் சக்கரம் அப்படித்தான் இறுகியது. ஊசியால் நெம்பி எடுக்க ஒரு பகல் ஆயிற்று.

அந்தப் பகலில்தான் இந்த வேலை யாருக்காக உருவானது என்று தேட ஆரம்பித்தேன்.

1901இல் லிவர்பூலைச் சேர்ந்த பிராங்க் ஹார்ன்பி, துளையிட்ட உலோகப் பட்டைகளையும் திருகாணிகளையும் கொண்டு பாலம், கிரேன் எல்லாம் கட்டலாம் என்று ஒரு விளையாட்டுப் பொருளுக்குக் காப்புரிமை வாங்கினார். சில ஆண்டுகளில் அதன் பெயர் மெக்கானோ ஆயிற்று. 1920இல் அதே நிறுவனம் ஹார்ன்பி ரயில்களைக் கொண்டுவந்தது. சிறுவர்களுக்கான பொறியியல் என்பதே மெக்கானோவின் விளம்பர வாசகம். பெட்டி மூடியில் சிறுவர்கள் படம். அந்த நிறுவனம் நடத்திய மாதப் பத்திரிகையும் சிறுவர்களையே விளித்துப் பேசியது. இரண்டு பட்டையைத் திருகாணியால் இணைக்கும் ஒரு பையன் நாளைய பொறியாளன் என்று உலகம் முழுக்க ஒரு நம்பிக்கை பரவியது.

ஆனால் அந்தப் பெட்டிகளை நிரப்பியவர்கள் யார்? லிவர்பூலில் பின்ஸ் ரோடு என்ற தெருவில் இருந்த மெக்கானோ ஆலையில் வேலை செய்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். பாகங்களைப் பொருத்தியதும் சாயம் அடித்ததும் எண்ணிப் பெட்டியில் அடுக்கியதும் அவர்கள் கைகள். 1979 நவம்பரில் நிர்வாகம் முன்னறிவிப்பு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமல் ஆலையை மூடியது. தொழிலாளர்கள் வெளியேற மறுத்து உள்ளேயே அமர்ந்து பல வாரங்கள் போராடினார்கள். ஆலை திரும்பத் திறக்கவில்லை.

ஒரே வேலைதான். பையன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து செய்தால் அதற்குப் பெயர் பொறியியல். பெண் ஆலையில் நாள் முழுக்கச் செய்தால் அதற்குப் பெயர் பொருத்துதல், பேக்கிங். முதலாவது அறிவின் அடையாளம். இரண்டாவது 'பெண்களுக்கு இயல்பாகவே மெல்லிய விரல்' என்று சொல்லிக் குறைந்த கூலி கொடுக்கத் தோதான திறமை. இது லிவர்பூல் பழங்கதை மட்டும் அல்ல. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கைபேசி ஆலைகளுக்கு எங்கள் மாவட்டத்துப் பெண்களும் போகிறார்கள். என்னிடம் படித்தவர்களும் அவர்களில் உண்டு. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத திருகாணிகளை நாள் முழுக்க முடுக்கிவிட்டு விடுதிக்குத் திரும்பும் அவர்களை யாரும் பொறியாளர் என்று அழைப்பதில்லை.

பிளாஸ்டிக் இஞ்சின் கிட்டுகளின் கதை இன்னும் சுவையானது. 1959இல் இங்கிலாந்தில் கிட்மாஸ்டர் என்ற பெயரில் ரயில் கிட்டுகள் வந்தன. 'டெல்டிக்' என்ற பெரிய டீசல் இஞ்சினும் அந்த வரிசையில் உண்டு. அவற்றைத் தயாரித்தது ரோஸ்பட் டால்ஸ், அதாவது பெண் குழந்தைகளுக்கான பொம்மை செய்யும் கம்பெனி. பொம்மைக் கை காலுக்கும் இஞ்சின் சக்கரத்துக்கும் தேவைப்படுவது பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் தள்ளும் அதே தொழில்தான். கடைக்குப் போன பிறகுதான் ஒன்று தங்கைக்கும் மற்றது அண்ணனுக்கும் பிரிகிறது. 1962இல் கிட்மாஸ்டரை ஏர்ஃபிக்ஸ் வாங்கியது. என் ட்ரூரி ஏர்ஃபிக்ஸின் சொந்த வடிவமைப்பு. பின்னர் இவ்விரண்டின் ரயில் அச்சுகளும் டாபோல் என்ற கம்பெனிக்குப் போய், இன்றும் கிட்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன. ரோஸ்பட்டை 1967இல் வாங்கியது பார்பி பொம்மை செய்யும் மட்டெல்.

ஒட்டி முடித்ததும் பெயிண்ட். முதலில் சாம்பல் நிறப் பிரைமர். ஒட்டின இடத்தில் இருந்த பள்ளம் மேடு எல்லாம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது; மறுபடி உப்புத்தாள். பிறகு உடம்புக்குப் பச்சை. கெட்டியாக ஒருமுறை அடிப்பதைவிடத் தண்ணீர்போல இளக்கி மூன்று முறை அடிப்பது நல்லது என்பதை முதல் பூச்சு திட்டுத் திட்டாகக் காய்ந்த பிறகு கற்றேன். இரண்டு முனைகளிலும் தண்டவாளத்தில் நிற்பவர் கண்ணில் படுவதற்கான மஞ்சள்–கறுப்புச் சாய்வுப் பட்டைகள் வேண்டும். முதலில் முழுக்க மஞ்சள் அடித்து, காய்ந்ததும் மெல்லிய டேப்பைச் சாய்வாக ஒட்டி, மேலே கறுப்பு அடித்து, டேப்பை உரிக்க வேண்டும். ஐலைனர் தூரிகை இதற்கு நன்றாகவே உதவியது.

அதே அழகுசாதனப் பெட்டியால் ஒரு விபத்தும் நேர்ந்தது. இஞ்சினின் மூக்கில் சிந்திய கறுப்பைத் துடைக்க நகச்சாயம் நீக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு வைத்தேன். அதில் இருப்பது அசிடோன். அது பெயிண்டோடு பிளாஸ்டிக்கையும் கரைத்தது. மூக்கின் மேல் தீக்காயம்போல ஒரு சுருக்கம் விழுந்துவிட்டது. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. பச்சை அடித்து அப்படியே விட்டேன்.

நிறம் என்றதும் சொல்ல வேண்டிய ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் லயனல் என்ற பொம்மை ரயில் கம்பெனி 1957இல் சிறுமிகளுக்கென்று தனியாக ஒரு ரயிலைக் கொண்டுவந்தது. இஞ்சின் இளஞ்சிவப்பு, பின்னால் வரும் பெட்டிகள் இளநீலம், இளமஞ்சள் என்று மிட்டாய் நிறங்கள். அது விற்கவில்லை. ரயில் ஆசை இருந்த சிறுமிக்கு ஓடுகிற ரயில்தான் வேண்டியிருந்தது, ரோஸ் நிறத்தில் ஒரு ரயில் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. ரயிலைத் தருகிறோம், ஆனால் இது உன் அண்ணனுடையது மாதிரி அல்ல என்று அந்த நிறம் சொல்லியது. இப்போது அந்த இளஞ்சிவப்பு ரயிலுக்குச் சேகரிப்பாளர்களிடம் பெரும் விலை.

ஆங்கிலேய டிரைவர்களுக்குத் தங்கள் இஞ்சினை 'அவள்' என்று சொல்லும் வழக்கம் உண்டு. நம் இலக்கணத்தில் இஞ்சின் அஃறிணை, ஒன்றன்பால். அவர்கள் இஞ்சினைப் பெண்ணாக்கினார்கள். ஓட்டும் இடத்தில் பெண்ணை உட்காரவிடவில்லை. உலகப் போர்களின்போது பிரிட்டனில் பெண்களை இஞ்சின் துடைக்கும் வேலைக்கு எடுத்தார்கள்; ஓட்டும் வேலைக்கு எடுக்கவில்லை. அஃறிணையாகவே வைத்திருந்த நாமும் இதில் மேல் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

என் ட்ரூரியின் அசலை முதலில் கட்டித் தந்தது வல்கன் பவுண்டரி. 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடிய நம் நாட்டின் முதல் பயணிகள் ரயிலை இழுத்த இஞ்சின்களும் அதே பவுண்டரியிலிருந்து வந்தவை. அங்கிருந்து ஏறத்தாழ நூற்றுப் பத்து ஆண்டுகள் கழித்து, 1964 ஜனவரியில், வாரணாசி ஆலை தன் முதல் டீசல் இஞ்சினை வெளியே அனுப்பியது. இந்த நீண்ட கதையில் பெண் பெயர் தேடினால் சென்னையிலேயே ஒன்று கிடைக்கிறது.

அ. லலிதா. 1937இல் கணவரை இழந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. தந்தை கிண்டி பொறியியல் கல்லூரிப் பேராசிரியர். அவர் கேட்டுக்கொண்டதால் கல்லூரி லலிதாவைச் சேர்த்துக்கொண்டது. அதன் பின் பி. கே. திரேசியா, லீலம்மா ஜார்ஜ் என்ற இருவரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். லலிதா மின்பொறியியல் முடித்தார். பயிற்சி பெறப் போன இடம் பீகாரில் உள்ள ஜமால்பூர் ரயில்வே பணிமனை. பட்டச் சான்றிதழில் ஆண்பாலில் அச்சிட்டிருந்த சொல்லை அடித்துப் பெண்பாலாகத் திருத்திக் கொடுத்தார்கள். மாணவர்களுக்குப் பால் வழு சொல்லிக்கொடுக்கும்போது நான் இப்போதெல்லாம் இந்தச் சான்றிதழைத்தான் உதாரணம் காட்டுகிறேன். பிழை எழுத்தரிடம் இல்லை. இப்படி ஒருத்தி வருவாள் என்று எதிர்பாராமல் அச்சடித்து வைத்த படிவத்தில் இருந்தது.

ஓட்டும் இருக்கைக்கு வர இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தைச் சேர்ந்த சுரேகா யாதவ், பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் டிப்ளமோ முடித்து 1989இல் உதவி டிரைவராகச் சேர்ந்தார். 2011 மார்ச் 8 அன்று டெக்கான் குவீனையும் 2023இல் வந்தே பாரத்தையும் ஓட்டினார். அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் நாம், இஞ்சினில் கழிப்பறை உண்டா என்று கேட்பதில்லை. நெடுங்காலம் அப்படி ஓர் எண்ணமே யாருக்கும் இருந்ததில்லை. லோகோ பைலட் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்க்கும் சங்கடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார்கள். சான்றிதழில் இருந்த அதே பிழை இங்கே இரும்பில் வார்க்கப்பட்டிருக்கிறது.

இஞ்சின் காய்ந்துகொண்டிருந்த நாட்களில் என் மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் அவள் ஊர். மலையாளி பழங்குடிச் சமூகம். வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள். இஞ்சினை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, மூக்கில் இருந்த சுருக்கத்தைத் தடவினாள். "நெஜமா ஓடி அடிபட்ட இஞ்சின் மாதிரியே இருக்கு மேடம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து விஷயத்துக்கு வந்தாள். தங்கை பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு, ரயில்வேயில் உதவி லோகோ பைலட் தேர்வு எழுத வேண்டும் என்று பிடிவாதம். வீட்டில் விடவில்லை. "நீங்க வந்து அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

அட்டைப்பெட்டியில் பஞ்சு வைத்து இஞ்சினையும் எடுத்துக்கொண்டு போனேன். ஏன் எடுத்துப்போனேன் என்று அப்போது எனக்கே தெளிவில்லை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து மலை ஏறும் பேருந்தில் அதை மடியிலேயே வைத்திருந்தேன்.

இந்த மலை மூன்று ஜாகிர்களாக இருந்தது. 1976இல் அரசு எடுத்துக்கொள்ளும்வரை ஜாகிர்தார்களின் ஆளுகைதான். கூலி இல்லாமல் உழைத்துக் கொடுத்த நாட்களை அந்த வீட்டுப் பாட்டி சொன்னார். இன்னின்ன வேலைக்கு இத்தனை நாள் என்று கணக்கு அவர் நாக்கில் இருந்தது. அந்த நினைவு உள்ள வீட்டில், பெண்ணை வெளியூர் விடுதிக்கு அனுப்பத் தயங்குவதைப் பழமை என்று சொல்லி ஒதுக்க எனக்கு வாய் வரவில்லை. வெளியார் சொல்லை நம்பி நடந்ததில் அவர்களுக்குக் கிடைத்த அனுபவம் அப்படி.

"பொட்டப்புள்ள கரியும் எண்ணெயுமா நிக்கறதா டீச்சரம்மா? தையல் படிக்கட்டுமே" என்றார் மாணவியின் அம்மா. நான் சுரேகா யாதவைப் பற்றிச் சொன்னேன். லலிதாவைப் பற்றிச் சொன்னேன். கல்லூரியில் பேசுவதுபோலவே பேசிவிட்டேன் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பேச்சு நின்றபோது பெட்டியைத் திறந்து இஞ்சினை அவர் கையில் கொடுத்தேன்.

அதை விளக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். சக்கரங்களை விரலால் உருட்டினார். "இதுக்குக் கைப்பிடி எங்க போடறது?" என்றார்.

"எந்தக் கைப்பிடிம்மா?"

"டீசல்னு சொல்றீங்க. சுத்தி விடாம எப்படி ஸ்டார்ட் ஆவும்?"

மரவள்ளிக் காட்டுக்குத் தண்ணீர் இறைக்க அவர்களிடம் ஓர் ஆயில் இஞ்சின் இருக்கிறது. கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்புவது. சேகோ ஆலைக்குக் கிழங்கு ஏற்றிவிடக் கணவர் லாரியோடு போய்விடும் நாட்களில் இவர்தான் கிளப்புகிறார். எப்படி என்று கேட்டேன். எழுந்து நின்று காட்டினார். இடது கையால் மேலே உள்ள லிவரைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அப்போது உள்ளே காற்று அடைபடாது, கைப்பிடி லேசாகச் சுற்றும். வலது கையால் வேகம் ஏற ஏறச் சுற்ற வேண்டும். வேகம் வந்ததும் லிவரைப் பட்டென்று விட்டுவிட வேண்டும். "அப்ப ஒரு இறுக்கம் வரும். அதைத் தாண்டி இழுத்துட்டா புடிச்சிக்கும். கையைச் சட்டுனு எடுத்துக்கணும், இல்லன்னா மணிக்கட்டுல அடிக்கும்."

அந்த இறுக்கம்தான் டீசல் இஞ்சினின் உயிர். பெட்ரோல் இஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்கத் தீப்பொறி வேண்டும். டீசலில் தீப்பொறி கிடையாது. அடைபட்ட காற்றை நெருக்க நெருக்க அது சூடேறுகிறது. அந்தச் சூட்டில் டீசலைத் தெளித்தால் தானே பற்றிக்கொள்கிறது. ருடால்ப் டீசல் 1890களில் காப்புரிமை வாங்கிய வித்தை இதுவே. கைப்பிடி போட்ட ஆயில் இஞ்சினுக்கும் என் ட்ரூரியின் அசலுக்கும் ஆயிரக்கணக்கான குதிரைத் திறனில் ரயில் இழுக்கும் இஞ்சினுக்கும் அடிப்படை ஒன்றுதான். படித்துத் தெரிந்துகொண்ட எனக்கு அந்த இறுக்கம் கையில் தெரியாது. அவருக்கு மணிக்கட்டில் தெரிந்திருந்தது.

"இத்தனை வருசமா டீசல் இஞ்சின் ஓட்டறது நீங்கதானே. உங்க பொண்ணு மட்டும் தையலுக்குப் போவணுமா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "அது தண்ணி எறைக்கறது டீச்சரம்மா" என்றார். வாசலில் நின்றிருந்த சின்னவள், "அதுக்குப் பேருதாம்மா டீசல் மெக்கானிக்" என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை. பாட்டி மட்டும் இஞ்சினை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

பெட்டி மூடியில் யார் படம் இருக்கிறது என்பது சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால் லிவர்பூல் ஆலைப் பெண்ணுக்குத் தன் வேலை பொறியியல் என்று தோன்றாமல் போனதற்கும், இந்த மலையில் ஒரு பெண் தான் செய்வது தண்ணீர் இறைப்பது மட்டும் என்று சொன்னதற்கும், நான் செருப்பைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றதற்கும் அந்த மூடியோடு சம்பந்தம் இருக்கிறது. பெண்களின் பொறியியல் வரலாற்றை எழுதுவது என்றால் முதல் பட்டதாரி, முதல் டிரைவர் என்ற பெயர்ப் பட்டியலோடு நிறுத்த முடியாது. யாரும் பெயர் வைக்காத வேலைகளுக்கு அவற்றின் சரியான பெயரைச் சொல்ல வேண்டும். தமிழ் படித்தவளுக்கு அது செய்யக்கூடிய வேலைதான்.

இஞ்சின் இப்போது அந்த வீட்டில் இருக்கிறது. காலிப் பெட்டி என் அலமாரியில். ஜூன் கடைசியில் மாணவி போன் செய்தாள். தங்கைக்கு இடம் கிடைத்திருக்கிறது. டீசல் மெக்கானிக் இல்லை, பிட்டர். அதை வைத்தும் ரயில்வேத் தேர்வு எழுதலாம் என்று விசாரித்துச் சொன்னேன். விடுதிக்கு அனுப்புவதா, அக்கா வீட்டில் தங்க வைப்பதா என்று அம்மா இன்னும் முடிவு செய்யவில்லை என்றாள். பீஸ் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.